செல்பேசி காட்டும் மணி யாருடைய மணி?

2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. லெபனான் நாட்டில் அன்று காலை எழுந்தவர்களுக்கு மணி என்ன என்பதே தெரியவில்லை. கடிகாரம் இல்லாததால் அல்ல. கடிகாரங்கள் ஆளுக்கொரு மணி காட்டியதால்!

நடந்தது இதுதான். லெபனானில் ஆண்டுதோறும் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைப்பார்கள். கோடைகால நேரம் என்று பெயர். 2023இல் அந்த நாள் ரம்ஜான் நோன்பு மாதத்துக்குள் வந்தது. கடிகாரத்தை நகர்த்தாமல் விட்டால் நோன்பு திறக்கும் வேளை ஏழு மணிக்குப் பதில் ஆறு மணி என்று காட்டும். அந்நாட்டின் காபந்துப் பிரதமர் நஜீப் மிகாத்தி, மாற்றத்தை ஏப்ரல் 20 வரை தள்ளிவைப்பதாக மார்ச் 23 அன்று அறிவித்தார். மாற்றத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போது!

மரோனைட் கிறிஸ்தவத் திருச்சபை இதை ஏற்க மறுத்தது. வழக்கம்போல் கடிகாரத்தை நகர்த்தப் போவதாகச் சொன்னது. சில பள்ளிகளும் தொலைக்காட்சிகளும் அதே வழியில் போயின. அரசு அலுவலகங்கள் பழைய நேரத்தில். ஒரே ஊரில் இரண்டு மணி.

இங்கேதான் செல்பேசி வருகிறது. நாட்டின் இரண்டு செல்பேசிச் சேவைகளும் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பின. 'தானாக நேரம் அமை' என்பதை அணைத்துவிட்டுக் கையால் நேரம் வையுங்கள் என்று. அப்படியும் பெரும்பாலான செல்பேசிகள் நள்ளிரவில் தாமாகவே ஒரு மணி நேரம் தாவிவிட்டன. பிரதமர் சொல்லியும் கேட்கவில்லை!

அப்படியானால் அந்தச் செல்பேசிகள் யார் சொன்னதைக் கேட்டன?

கடிகாரத்துக்குள் ஓர் அட்டவணை

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, செல்பேசி எப்படி மணி பார்க்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். ரொம்பக் கடினமான விஷயம் இல்லை.

இன்றைய செல்பேசிகளிலும் கணினிகளிலும் பெரும்பாலானவை உள்ளுக்குள் மணி, தேதி என்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. ஒரே ஓர் எண்ணை வைத்திருக்கின்றன. 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கி இதுவரை எத்தனை வினாடிகள் என்ற எண். உலகம் முழுக்க அந்த எண் ஒன்றுதான். சென்னையிலும் பெய்ரூட்டிலும் நியூயார்க்கிலும் ஒன்றேதான்.

அந்த எண்ணை "மாலை 4:15" என்று மனிதருக்குப் புரிகிற மாதிரி மாற்ற ஓர் அட்டவணை வேண்டும். இந்த ஊர் பொது நேரத்திலிருந்து எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே, எந்தத் தேதியில் அது மாறும் என்றெல்லாம் சொல்லும் அட்டவணை. லெபனானில் செல்பேசிகள் கேட்டது இந்த அட்டவணையின் பேச்சைத்தான்.

இந்தியாவில் இருப்பவர்களும் இதன் வாலை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். செல்பேசியிலோ பென் டிரைவிலோ ஏதோ ஒரு கோப்பு கெட்டுப்போய், அதன் தேதி "1 ஜனவரி 1970, காலை 5:30" என்று காட்டும். யாருக்கும் செல்பேசி இல்லாத காலத்தில் எடுத்த புகைப்படமா என்று சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். கோப்பில் இருந்தது வெறும் பூஜ்யம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைச் சேர்த்தது இந்த அட்டவணை. மறைந்திருக்கும் சாமான் வெளியே தலை நீட்டுகிற அபூர்வமான இடம் அது.

எழுதுவது யார்?

இவ்வளவு முக்கியமான அட்டவணையை ஐ.நா. சபையோ ஏதாவது பெரிய கம்பெனியோ எழுதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை!

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் இதைத் தொடங்கினார். சுகாதார நிறுவனத்துக்கும் உலக நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேவை இருந்தது, செய்தார், பகிர்ந்தார். பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் எக்கர்ட் இதன் முக்கியப் பராமரிப்பாளர் ஆனார். இவர்களுக்கு உதவியாகப் பல நாடுகளில் தன்னார்வலர்கள். ஒரு நாடு நேரத்தை மாற்றப்போகிறது என்று செய்தித்தாளில் வந்தால் அங்கிருப்பவர் ஒருவர் மின்னஞ்சலில் தெரிவிப்பார். சரிபார்த்து, அட்டவணையைத் திருத்தி, புதிய பதிப்பு வெளியிடுவார்கள். ஆண்டும் ஓர் எழுத்தும் சேர்ந்தது பதிப்பின் பெயர். 2023ஏ, 2023பி என்று போகும்.

விலை? ஒன்றும் கிடையாது. காப்புரிமைகூடக் கோராமல் பொதுச்சொத்தாக விட்டிருக்கிறார்கள். ஆண்டிராய்டு செல்பேசிகள், ஆப்பிளின் ஐபோன்கள், லினக்ஸ் கணினிகள், ஜாவா, பைத்தான் போன்ற நிரல் மொழிகள் எல்லாம் இதைத்தான் பயன்படுத்துகின்றன. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மட்டும் தனக்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது.

லெபனான் குழப்பம் நடந்த வாரத்தில் இவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். மார்ச் 22 அன்று 2023ஏ வெளியானது. மறுநாள் பிரதமரின் அறிவிப்பு. உடனே அதே நாளில் அதைச் சேர்த்து 2023பி. மார்ச் 27 அன்று அமைச்சரவை கூடி அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மார்ச் 28 அன்று 2023சி வெளியானது. அதில் இருந்தது அச்சு அசலாக 2023ஏ-தான்! ஆக, அட்டவணையின்படி லெபனானின் கடிகாரங்கள் மார்ச் 26 அன்றே நகர்ந்துவிட்டன. அமைச்சரவை கடைசியில் குறித்த நாளோ மார்ச் 29 நள்ளிரவு. அரசாங்கத்தின் தேதி ஒன்று, உலகத்துக் கணினிகளின் நினைவில் இருக்கும் தேதி இன்னொன்று.

ஜோதிடத்தால் வந்த வழக்கு

இலவசமாக ஊருக்கு உழைத்தால் யார் என்ன செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். 2011 செப்டம்பர் 30 அன்று ஓல்சன், எக்கர்ட் இருவர் மீதும் அமெரிக்காவில் வழக்கு போடப்பட்டது. போட்டது அஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம்!

ஜோதிடத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டாம். ஜாதகம் கணிக்கப் பிறந்த நேரம் வேண்டும். அந்த நேரம் எந்தக் கடிகாரப்படி என்றும் தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியா முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தன. அப்போது பிறந்தவருக்கு ஜாதகம் எழுத அந்த ஒரு மணியைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் லக்னமே மாறக்கூடும். அமெரிக்க ஜோதிடர்களுக்கும் இதே பிரச்சினை. அதற்காக ஊர்வாரியாகப் பழைய நேரங்களைத் தொகுத்த நூல்கள் உண்டு. அந்த நூல்களின் உரிமை தங்களுடையது, அதிலிருந்து தகவல் எடுத்தது குற்றம் என்பது நிறுவனத்தின் வாதம்.

அக்டோபர் 6 அன்று ஓல்சன் அட்டவணை இருந்த தளத்தை மூடினார். உலகத்தின் கடிகாரங்கள் நின்றுவிடவில்லை, பழைய பிரதி எல்லோரிடமும் இருந்தது. ஆனால் அடுத்த திருத்தம் எங்கிருந்து வரும் என்பது சில நாட்களுக்குக் கேள்விக்குறி ஆனது. அக்டோபர் 14 அன்று இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு, தன் ஐயானா பிரிவின் மூலம் அட்டவணையை ஏற்றுக்கொண்டது. 2012 பிப்ரவரியில் வழக்குப் போட்ட நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. வரலாற்று உண்மைகள் யாருடைய சொத்தும் அல்ல என்று ஒப்புக்கொண்டது.

அந்த எட்டு நாட்களில் உலகம் முழுக்க விமானச் சீட்டு பதிந்தவர்கள், வங்கியில் பணம் போட்டவர்கள், அலாரம் வைத்துத் தூங்கியவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. தங்கள் கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த மனிதர் நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமலே தூங்கி எழுந்தார்கள்.

தெரியாவிட்டால் என்ன?

இங்கே ஒருவர் நியாயமாகக் கேட்கலாம். "தெரிந்து என்ன ஆகப்போகிறது? மிக்ஸிக்குள் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்தா சட்னி அரைக்கிறார்கள்? எல்லாம் தெரிந்துகொண்டுதான் பயன்படுத்துவேன் என்றால் காலையில் பல்லே துலக்க முடியாது!"

சரியான கேள்விதான். ஆனால் மிக்ஸியும் இந்த அட்டவணையும் ஒரே ஜாதி இல்லை.

மிக்ஸிக்குள் மறைந்திருப்பது இயற்கையின் விதி. மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுற்றும். மதுரையிலும் சுற்றும், மாஸ்கோவிலும் சுற்றும். எந்த அமைச்சரும் அறிக்கை விட்டு அதை மாற்ற முடியாது. கடிகாரத்துக்குள் மறைந்திருப்பதோ மனிதர்கள் எடுத்த முடிவு. அதை நாளைக்கே மாற்றலாம். ஒருவருக்குப் பிடித்து ஒருவருக்குப் பிடிக்காமலும் போகலாம். இயற்கை விதி தெரியாமல் ஒரு பொருளைப் பயன்படுத்துபவர் அறியாமையில் இருக்கிறார், அவ்வளவுதான். ஒரு முடிவு உள்ளே இருப்பதே தெரியாமல் பயன்படுத்துபவரோ கேள்வி கேட்காமல் கீழ்ப்படிகிறார்.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் இல்லை. பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நேரம் சொல்லும் அட்டவணைதான். எந்தப் பாட்டிக்கும் கிரகக் கணிதம் தெரியாது. ஆனால் பஞ்சாங்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு உண்டு என்பது தெரியும். சனிப்பெயர்ச்சி ஒன்றில் ஒரு தேதி, மற்றொன்றில் இன்னொரு தேதி என்பது தெரியும். தங்கள் வீட்டில் எதைப் பார்ப்பது வழக்கம் என்பதும் தெரியும். யார் கணித்தது என்று அட்டையிலேயே பெயர் போட்டிருக்கும். சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

பாட்டிக்கு அட்டவணையின் கணக்கு தெரியாது, ஆனால் அது ஓர் அட்டவணை என்று தெரியும். பேரனுக்கு அதுவும் தெரியாது. செல்பேசி மணி காட்டினால் அதுதான் மணி என்று நினைக்கிறான். இருவரில் யார் விவரமான பயனாளி?

வணிகவியல் படிக்கும் எவரும் முதல் ஆண்டிலேயே இதைப் படித்திருப்பார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 13. இருவர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றுக்கொண்டால்தான் அது சம்மதம். இரண்டு வண்டி வைத்திருப்பவர் ஒன்றை மனதில் வைத்து விற்க, வாங்குபவர் மற்றொன்றை நினைத்துச் சரி சொன்னால் அங்கே சம்மதமே இல்லை. செல்பேசியில் 'தானாக நேரம் அமை' என்ற பொத்தானை அழுத்துகிறவர் எதற்குச் சம்மதிக்கிறார்? "சரியான மணியைக் காட்டு" என்பது அவர் நினைப்பு. "இந்த அட்டவணையின் இந்தப் பதிப்பு சொல்வதை மணியாக ஏற்கிறேன்" என்பது உண்மை. முக்கால்வாசி நாட்கள் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

கொல்கத்தாவுக்குள் சென்னை

அட்டவணைக்குள் என்னென்ன முடிவுகள் இருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

முதலில் பெயர். லினக்ஸ் கணினியில் இந்திய நேரம் வைக்க வேண்டுமானால் "ஏசியா/கொல்கத்தா" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் சென்னை இல்லை, டெல்லி இல்லை? நாடுகளின் பெயரும் எல்லையும் அடிக்கடி மாறும், ஊர் நிலைத்திருக்கும் என்பதால் ஊர்ப் பெயரைத்தான் வைப்பது என்று ஒரு விதி. ஒரே நேரம் உள்ள பகுதியில் மக்கள் தொகை மிகுந்த ஊரை எடுப்பது என்று இன்னொரு விதி. அந்தப் பெயரும் முன்பு "கல்கத்தா" என்றே இருந்தது. நகரம் 2001இல் பெயர் மாறிய பிறகும் பல மென்பொருள்கள் நெடுநாள் கல்கத்தாவையே காட்டின. உக்ரைன் தலைநகர் 'கீயெவ்' என்ற ரஷ்ய உச்சரிப்பிலிருந்து 'கீவ்' என்ற உக்ரைனிய உச்சரிப்புக்கு இந்த அட்டவணையில் மாறியது 2022 ஆகஸ்டில்தான். போர் தொடங்கி ஆறு மாதம் கழித்து. (விண்டோஸ்காரர்கள் புத்திசாலிகள். "சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி" என்று அகர வரிசையில் நான்கையும் போட்டுத் தப்பித்துவிட்டார்கள்!)

ஆனால் சென்னை அந்த அட்டவணையில் இல்லாமல் இல்லை. கொல்கத்தா பகுதியின் பழைய வரிகளில் மறைந்திருக்கிறது. 1870 முதல் 1905 முடியும்வரை அந்த வரி சொல்வது பொது நேரத்திலிருந்து 5 மணி 21 நிமிடம் 10 வினாடி. அதன் பெயர் மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய வானாய்வகம் கணித்த நேரம் அது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்ததால் ரயில்களும் தந்திகளும் அதன்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. இன்றைக்கும் உலகின் எந்த மூலையில் ஒரு லினக்ஸ் கணினியிடம் "1890இல் கொல்கத்தாவில் மணி என்ன?" என்று கேட்டாலும், அது மெட்ராஸ் வானாய்வகத்தின் கணக்கைத்தான் சொல்லும்.

இது பெருமைப்பட்டுக்கொள்ளும் சமாச்சாரம். இன்னொன்று அப்படி அல்ல.

இலங்கை அரசு மின்சாரப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தது. அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. அதாவது பொது நேரத்திலிருந்து 6 மணி. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. இந்தப் பத்து ஆண்டுகளும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. பழைய ஐந்தரையிலேயே இருந்தன. சோதனைச் சாவடியைக் கடப்பவர் கடிகாரத்தை அரை மணி திருப்ப வேண்டும்.

அட்டவணையில் இலங்கைக்கு ஒரே வரிசைதான், "ஏசியா/கொழும்பு". 1996 முதல் 2006 வரை அதில் ஆறரை, பிறகு ஆறு. வன்னியில் சுவர்க் கடிகாரம் காட்டிய மணிக்கு அங்கே தனி வரி இல்லை. அந்நாளில் அங்கே ஒருவர் தன் கணினியில் கொழும்பு என்று வைத்திருந்தால் மணி அரை மணி நேரம் தவறியிருக்கும். ஊரின் மணி வேண்டுமானால் கொல்கத்தா என்று வைக்க வேண்டியிருந்திருக்கும்! எது சரி, எது தவறு என்ற அரசியல் வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் அன்றாடம் பார்த்த மணி ஒன்று, பின்னாளில் ஒரு கணினி கணக்குப் போட்டுச் சொல்லும் மணி இன்னொன்று. 2001இல் கிளிநொச்சியில் காலை எட்டு மணிக்கு நடந்த ஒன்றை இன்றைய மென்பொருளில் அப்படியே பதிந்தால், அது அரை மணி நேரம் இடம் மாறி உட்காரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. அட்டவணையில் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

யார் தலையில் விடிகிறது?

இந்தியாவில் ஆண்டுதோறும் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை என்பதால் இங்கே இருப்பவர்களுக்கு இதன் சுமை தெரிவதில்லை. தெரிகிறவர்கள் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் மென்பொருள், கால் சென்டர் ஊழியர்கள். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கழிந்த திங்களன்று அவர்களுடைய ஷிப்ட் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். இந்தத் தேதிகளே 2007 முதல்தான். அதற்கு முன் ஏப்ரலும் அக்டோபருமாக இருந்தன. அமெரிக்க நாடாளுமன்றம் 2005இல் சட்டம் போட்டு மாற்றியது. அந்த ஒரு சட்டத்துக்காக உலகம் முழுக்க வங்கிகளும் நிறுவனங்களும் தங்கள் கணினிகளைத் திருத்த வேண்டி வந்தது.

திருத்தம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதும் இல்லை. ஆண்டிராய்டு பத்தாம் பதிப்புக்கு முந்தைய செல்பேசிகளில் புது அட்டவணை வர வேண்டுமானால் பெரும்பாலும் செல்பேசி செய்த நிறுவனமே முழு மென்பொருள் மேம்படுத்தல் அனுப்ப வேண்டும். விலை குறைந்த செல்பேசிகளுக்கு அது ஓரிரு ஆண்டுகளில் நின்றுவிடுவது வழக்கம். ஆக, புதுச் செல்பேசி வாங்க வசதி உள்ளவருக்குச் சரியான மணி, பழையதை வைத்திருப்பவருக்குப் பழைய மணி. அரசாங்கம் திடீரென்று நேரத்தை மாற்றினால் முதலில் வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குகிறவர் பழைய செல்பேசிக்காரர்தான். "என் செல்பேசி அப்படித்தான் காட்டியது" என்று அவர் சொன்னால் எந்த மேனேஜர் நம்புவார்?

கம்பெனிகள் பக்கம் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. எந்த நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பிலும் இந்த அட்டவணை இருக்காது. காசு கொடுத்து வாங்காத பொருள் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத பொருளுக்குக் காப்பீடு கிடையாது, பராமரிப்புச் செலவு ஒதுக்கீடு கிடையாது, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பில்லிலும், ஒவ்வொரு வங்கிக் குறுஞ்செய்தியிலும் நாள், மணி போட அதுவேதான் வேலை பார்க்கிறது.

என்ன செய்யலாம்?

எல்லோரும் அட்டவணையைப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதல்ல இதன் முடிவு. மூன்று சின்ன விஷயங்கள் போதும்.

ஒன்று, அரசாங்கங்களுக்கு. நேரத்தை மாற்றுவது என்பது இனி வானொலியில் அறிவிக்கும் வேலை மட்டும் அல்ல. ஓராண்டுக்குக் குறைவான அவகாசத்தில் மாற்றினால் சில கணினிக் கடிகாரங்களாவது தவறாக ஓடும் என்று அட்டவணைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் அவகாசம் கொடுத்த லெபனானில் என்ன ஆனது என்பது கண்கூடு.

இரண்டு, செல்பேசி விற்கிறவர்களுக்கு. பஞ்சாங்கத்தின் அட்டையில் கணித்தவர் பெயர் இருக்கிற மாதிரி, கடிகார அமைப்புப் பக்கத்தில் ஒரு வரி போடலாம். எந்த அட்டவணை, எந்தப் பதிப்பு, கடைசியாகத் திருத்தியது எப்போது. ஒரு வரிக்கு இடம் இல்லாத திரை எந்தச் செல்பேசியிலும் இல்லை. பழைய செல்பேசிக்குப் புதுப் படங்களும் புது விளையாட்டுகளும் வராவிட்டால் பரவாயில்லை, மணி சரியாக வர வேண்டும்.

மூன்று, பயன்படுத்துகிறவர்களுக்கு. ஒரு கருவி தானாகவே ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்றால், அதற்குள் இருப்பது மிக்ஸி மோட்டாரா, பஞ்சாங்கமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது. மோட்டார் என்றால் விட்டுவிடலாம். பஞ்சாங்கம் என்றால், அதாவது யாரோ எடுத்த முடிவு என்றால், அவர் யார், தவறினால் யாரிடம் சொல்வது என்ற இரண்டு கேள்விக்காவது பதில் தெரிந்திருக்க வேண்டும். கடிகாரத்துக்கு மட்டும் அல்ல. வரைபடம் காட்டும் எல்லைக்கோடு, கடன் தரலாமா என்று வங்கிக்குச் சொல்லும் மதிப்பெண், தட்டச்சு செய்யும்போது பெயரைத் தானாகத் 'திருத்தும்' மென்பொருள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

லெபனானில் அந்த ஞாயிற்றுக்கிழமை பலரும் பிரதமரைத் திட்டினார்கள், பலரும் திருச்சபையைத் திட்டினார்கள். செல்பேசிக்குள் இருந்த மூன்றாவது தரப்பை யாரும் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. அங்கே சில தன்னார்வலர்கள் இரண்டு தரப்பில் எதை எழுதுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாராவது அவர்களிடம் மணி என்ன என்று கேட்டிருந்தால், "நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்" என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள்.